போய் வருகிறேன்



வெளியூர் கிளம்பும்போது நாம் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்வோம். வாய் தவறி 'போறேன்' என்று சொல்லிவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் வாசலிலேயே நிறுத்தித் திருத்துவார்கள். பத்திரிகையாளர்கள் ஃபெலோஷிப் என்னும் உதவித்தொகை பெற்று வெளிநாட்டுக்குப் போய்வருவதைப் பற்றிப் பேச உட்கார்ந்தபோது, எனக்கு அந்த வாசல்படித் திருத்தம்தான் நினைவுக்கு வந்தது.

கதை ஓர் உயிலில் தொடங்குகிறது. அமெரிக்காவில் 'மில்வாக்கி ஜர்னல்' நாளிதழை நிறுவியவர் லூசியஸ் நீமன். 1935-ல் அவர் காலமானார். சில மாதங்களில், 1936-ல், அவர் மனைவி ஆக்னஸும் மறைந்தார். 10 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார் அந்த அம்மையார். பத்திரிகைத் தொழிலின் தரம் உயர வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம்.

பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட்டுக்கோ குழப்பம். இதழியலுக்கென்று தனிக் கல்லூரி தொடங்க அவருக்கு மனமில்லை. கடைசியில், பாதி மனதோடு ஒரு சோதனைக்குச் சம்மதித்தார். வேலையில் இருக்கும் நிருபர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு கல்வியாண்டு இங்கே வரட்டும். பிடித்த வகுப்பில் உட்காரட்டும். தேர்வு கிடையாது, பட்டமும் கிடையாது. முடிந்ததும் அவரவர் பத்திரிகைக்கே திரும்பிப் போகட்டும். 1938-ல் முதல் அணியாக 9 பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் ஆர்ச்சிபால்ட் மக்லீஷ் என்ற கவிஞர். நீமன் ஃபெலோஷிப் பிறந்தது இப்படித்தான். பிற்காலத்தில் பல நாட்டுப் பத்திரிகையாளர்களுக்கும் அதன் கதவு திறந்தது.

பட்டம் இல்லாத படிப்பால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நிருபரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் வெள்ளம் புகுந்த தெரு, மதியம் நீதிமன்றம், மாலையில் அமைச்சர் பேட்டி. மூன்றையும் பதிப்பு அச்சுக்குப் போவதற்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். வெள்ளம் வந்ததை எழுதலாம். ஏன் ஆண்டுதோறும் அதே தெருவில் வருகிறது என்று படித்து அறிய நேரம் இருக்காது. நாள் முழுக்க இறைக்கிற கிணறு ஊற வேண்டாமா? ஃபெலோஷிப் என்பது அந்த ஊற்றுக்கு விடும் இடைவெளி.

எல்லாமே வகுப்பறை வகை என்று நினைக்க வேண்டாம். 'வாஷிங்டன் போஸ்ட்' இதழின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்த ஆல்ஃபிரட் பிரெண்ட்லி 1983-ல் தொடங்கிய திட்டத்தில், வளரும் நாடுகளின் இளம் பத்திரிகையாளர்கள் அமெரிக்கச் செய்தி அறைகளிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹமர்ஷோல்ட் 1961-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் நினைவாக ஐ.நா. நிருபர்கள் உருவாக்கிய நிதி, ஆண்டுதோறும் இளம் நிருபர்கள் சிலரைப் பொதுச்சபைக் கூட்டத்தொடரில் செய்தி சேகரிக்க நியூயார்க்கிற்கு அழைத்து வருகிறது.

சரி, போனவர்கள் திரும்பி வந்து என்ன செய்தார்கள்?

'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இருந்த சஞ்சல் சர்க்கார் 1960-61-ல் நீமன் ஃபெலோவாக இருந்தார். திரும்பி வந்து, 1963-ல் இந்தியப் பத்திரிகை நிறுவனத்தை, அதாவது பிரஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியாவை, உருவாக்கினார். பணியில் இருக்கும் பத்திரிகையாளர்களுக்கு இங்கேயே பயிற்சி தரும் அமைப்பு அது. டெல்லியில் தொடங்கிய அந்த நிறுவனம் இன்று இருப்பது நம் சென்னைத் தரமணியில். ஒருவர் போய் வந்த பயணத்தின் பலன் பலருக்கும் கிடைத்தது.

இன்னொருவர் பாகிஸ்தானின் உமர் சீமா. அமெரிக்க நிருபர் டேனியல் பேர்ல் 2002-ல் கராச்சியில் கடத்திக் கொல்லப்பட்டார். அவர் பெயரில் பிரெண்ட்லி திட்டம் வழங்கிய ஃபெலோஷிப்பில், 2008-ல் 'நியூயார்க் டைம்ஸ்' அலுவலகத்தில் வேலை செய்தவர் சீமா. நாடு திரும்பினார். 2010-ல் அவரும் இஸ்லாமாபாத்தில் கடத்தப்பட்டார். அடித்து, அவமானப்படுத்தி, விடுவித்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் ஊரறியச் சொன்னார். பிறகும் ஊரிலேயே இருந்து எழுதினார். நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யவில்லை என்று 2012-ல் அவர் வெளியிட்ட அறிக்கை நாட்டை உலுக்கியது. 2014-ல் அரசே உறுப்பினர்களின் வரி விவரப் பட்டியலை வெளியிட்டது.

ஆனால் எல்லாருக்கும் 'வர்றேன்' என்ற பாதி கிடைப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் நாட் நகாசா 'டிரம்' இதழில் எழுதிய கறுப்பின இளைஞர். 1964-ல் அவருக்கு நீமன் ஃபெலோஷிப் கிடைத்தது. நிறவெறி அரசு பாஸ்போர்ட் தர மறுத்து, வெளியேறும் அனுமதிச் சீட்டு ஒன்றை மட்டும் கொடுத்தது. போகலாம், திரும்ப முடியாது. 1965 ஜூலையில், நியூயார்க்கில் மாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து விழுந்து இறந்தார். வயது 28. அவருடைய உடலின் எச்சங்கள் டர்பன் மண்ணுக்குத் திரும்ப 2014 ஆயிற்று.

திரும்பாதவர்களில் நம் மொழிக்காரர் ஒருவரும் உண்டு. கொழும்பு 'வீரகேசரி'யில் 1977-ல் நிருபராகத் தொடங்கி, பிறகு ஆங்கில இதழ்களில் எழுதிய டி.பி.எஸ். ஜெயராஜ் 1988-ல் நீமன் ஃபெலோவாக ஹார்வர்டு போனார். போர் மூண்ட நாட்டுக்குத் திரும்பாமல் கனடாவில் குடியேறினார். இலங்கையைப் பற்றி எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை.

இந்த உரையை இளம் நிருபர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தயங்காமல் விண்ணப்பியுங்கள். வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகிறது என்றால் பிரெண்ட்லி, ஹமர்ஷோல்ட் போன்ற திட்டங்களைப் பாருங்கள். நீமனுக்குக் குறைந்தது 5 ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டும். தமிழில் எழுதுகிறோமே என்று பின்வாங்காதீர்கள். நல்ல செய்திக் கட்டுரை மொழிபெயர்ப்பிலும் தன் பலத்தைக் காட்டும். என்ன படிக்கப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு, உங்கள் ஊர்த் தெருவிலிருந்து பதிலைத் தேடுங்கள். வெள்ளம் புகுந்த அந்தத் தெருவே போதும்.

புறப்படும் நாளில் வாசல்படியில் நின்று அதே சொல்லைச் சொல்லுங்கள். அதன் முதல் பாதிக்கு உதவித்தொகை உண்டு. இரண்டாம் பாதிக்கு ஊரில் கேள்வி கேட்கிறவனுக்கு இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் காத்து வைப்பது செய்தி படிக்கும், கேட்கும் நம்முடைய வேலை.

நானும் போய் வருகிறேன், நேயர்களே.