ராத்திரியில் எழுந்து உட்காரும் அம்மாமார்களுக்கு

மகளிர் மருத்துவரான என்னிடம் நாற்பதைத் தாண்டிய பெண்கள் பலர் தடித்த ஃபைலோடு வருவார்கள். உள்ளே இசிஜி இருக்கும், தைராய்டு ரிப்போர்ட் இருக்கும், சர்க்கரை அளவு இருக்கும். எல்லாமே நார்மல். "அப்புறம் ஏன் டாக்டர், ராத்திரி குப்புனு வேர்த்து எழுந்து உட்கார்றேன்?" என்பார்கள். கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது என்று கேட்டால், "அதுவா, மூணு மாசமா தள்ளிப் போகுது" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். வேர்வைக்கும் அதற்கும் உள்ள தொடர்பை அதுவரை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாதவிலக்கு தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால், நின்றுவிட்டது என்று பொருள். நம் நாட்டில் இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. தொந்தரவுகளோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும்.

அந்த வேர்வையோடு வரும் சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உடம்பின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்ள மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி இருக்கிறது. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, மிகச் சிறிய வெப்ப மாற்றத்தைக்கூட அது பெரிதாக எடுத்துக்கொள்கிறது. உடனே தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து முகமும் கழுத்தும் தகிக்கும். நெஞ்சு படபடக்கும், வேர்வை கொட்டும், பிறகு குளிரும். எல்லாம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் ராத்திரியில் நாலு முறை இப்படி ஆனால் தூக்கம் எங்கே வரும்? மறுநாள் எரிச்சலும் மறதியும் அழுகையும் வருவதில் என்ன ஆச்சரியம்? கேட்டுக்கொண்டிருக்கிற கணவன்மார்களே, பிள்ளைகளே, "அம்மா இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் கோபப்படுறாங்க" என்று சொல்லும் முன், அவர் ராத்திரி தூங்கினாரா என்று கேளுங்கள்.

என்னிடம் வந்த ஒரு பள்ளி ஆசிரியையிடம், சூடு வருகிற நேரத்தையெல்லாம் தினசரி காலண்டர் தாளில் குறிக்கச் சொன்னேன். சாயங்காலக் காபி, காரக் குழம்பு, புழுக்கமான அறை என்று காரணங்கள் அவருக்கே தெரிந்துவிட்டன. காபியைக் காலையோடு நிறுத்தினார், பருத்தி உடைக்கு மாறினார், ஃபேனுக்கு அடியில் படுத்தார். பாதித் தொல்லை குறைந்தது என்றார். நீங்களும் குறித்துப் பாருங்களேன்.

அதற்கும் அடங்காவிட்டால் ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. 2002இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றால் பலர் அதற்குப் பயந்தார்கள். 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கினால், ஆரோக்கியமான பெண்கள் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று பிறகு தெளிவானது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு இது பொதுவாக ஏற்றதல்ல. ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. மருத்துவரைப் பார்க்காமல் மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள், அம்மா.

இந்தக் காலத்தில் பிறப்புறுப்பு வறண்டு எரிவது, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவது இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தடவுகிற மருந்திலேயே நல்ல பலன் கிடைக்கும்.

இன்னொன்றை விட்டுவிட எனக்கு மனமில்லை. மாதவிலக்கு நின்று வெகுகாலம் ஆன ஒரு பூக்கார அம்மா, திரும்ப ரத்தம் பட்டதைச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்து வந்தார். மகள் வற்புறுத்தி அழைத்து வந்தாள். கருப்பையின் உள்சவ்வில் புற்றுநோய், ஆனால் ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சை செய்தோம், நலமாக இருக்கிறார். நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் பரிசோதனை வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது. எலும்பு வேகமாகத் தேயும் காலம் இது. கேழ்வரகு, பால், காலை வெயில், நடை நான்கையும் விடாதீர்கள். 40 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றால் உடனே வாருங்கள். பொறுத்துக்கொள்வதுதான் பெண்ணுக்கு அழகு என்று உங்கள் தாயார் காலத்தில் சொன்னார்கள். உங்கள் மகள்களாவது இதைக் கூச்சமில்லாமல் பேசி, வேளையோடு மருத்துவம் பெற வேண்டும் என்பது என் ஆசை. அந்தப் பேச்சை இன்று நீங்களே தொடங்கி வையுங்கள்.