விருந்தாக வந்த மீன்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் மலைப்பாதையில் ஹுன்னஸ்கிரிய இருக்கிறது. நக்கிள்ஸ் மலைச் சாரலில் அமைந்த இவ்வூர் ஓடைகள் மகாவலியை நாடி ஓடுகின்றன. இதே மத்திய மலைநாட்டின் வேறொரு பகுதிக்குக் கடல் கடந்து ஒரு மீன் வந்த கதை கேட்கத்தக்கது.

அது ட்ரவுட் மீன். குளிர்ந்து தெளிந்த ஓடுநீரே அதற்கு உயிர். இங்கிலாந்தில் கோடை தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் ஆற்றுப்பூச்சிகள் சிறகு விரித்து நீர்மேல் எழும். அவற்றைக் கவ்வ ட்ரவுட் மேலே வரும். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலி ஈயை, அமிழாமல் மிதக்கவிட்டு அம்மீனைப் பிடிப்பது அந்நாட்டார் கலை. ஓட்டம் நூலை இழுக்க, ஈ இயல்புக்கு மாறாக நகர்ந்தால் மீன் அதைத் தொடாது.

இவ்விளையாட்டை மறக்க மாட்டாத ஆங்கிலேயர், 1880களில் ட்ரவுட்டை நுவரெலியாவுக்குக் கொணர்ந்தனர். பின்னர் வந்த வட அமெரிக்க வானவில் ட்ரவுட், ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் நிலைத்துவிட்டது. ஆண்டவர் போயினர், மீன் தங்கிற்று.

அச்சமவெளி ஓடைகளிலோ, உலகில் வேறெங்கும் காணப்படாத சிற்றிறால் இனம் ஒன்று வாழ்கிறது. அதற்கு இடர் விளைப்பவற்றுள் இம்மீனும் ஒன்றென உயிரியலார் கருதுவர். ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலையும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஒருங்கே இடம்பெற்றன.

விருந்தோம்பல் நம் மரபே. ஆயினும், வீட்டுக்குரியவர் அழிய விருந்து ஓம்புதல் அறமாகுமோ? மலை ஓடைகளில் புதுமீன் விட எண்ணுவோர் இதனை முதற்கண் சிந்தித்தல் வேண்டும்.