தானமும் திருட்டும்: வரிக் கணக்கில் எது செல்லும்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



நமக்கு எதுக்கு வருமான வரி என்று நினைக்காதீங்க. நம்ம பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போறாங்க. நம்மில் பலர் கடை, தறி, மாவுமில் நடத்துறோம். "நன்கொடை கொடுத்ததா எழுதிடலாம், பிடிச்ச வரி திரும்ப வந்துடும்" என்று சொல்லும் ஆட்கள் ஊருக்குள்ளேயே வருகிறார்கள்.

முதலில் தானம். கோயிலுக்கு நிலம், பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி, வெள்ள நிவாரணத்துக்கு அரிசி மூட்டை கொடுத்தால் புண்ணியம் உண்டு. ஆனால் நன்கொடைக்கான வரிச் சலுகை கிடையாது. அது பணமாகக் கொடுத்ததற்கு மட்டும்தான். கேரளாவில் ஒருவர் கம்பெனிப் பங்குகளை நன்கொடையாகக் கொடுத்துச் சலுகை கேட்டார். பங்கு பணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் செல்லாது. வங்கி வழியாகக் கொடுத்து, அறக்கட்டளையிடம் நன்கொடைச் சான்றிதழ் கேட்டு வாங்கணும். பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை.

அடுத்தது திருட்டு. வீட்டு நகை களவு போனால் வரியில் கழிக்க முடியாது. தொழிலில் போனது வேறு. 1951-ல் நைனிடால் வங்கியின் ராம்நகர் கிளையில் கொள்ளை நடந்து, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போனது. வரித்துறை அதை நஷ்டமாக ஏற்கவில்லை. கிளையில் பணம் வைத்திருப்பதே வங்கித் தொழிலின் ஒரு பகுதி, அதனால் இது தொழில் நஷ்டம்தான் என்று 1964-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

நம்ம கடைக்கும் இதே நியாயம்தான். ஆனால் சரக்கு இருந்தது, களவு போனது இரண்டையும் காட்டணும். கொள்முதல் பில், இருப்பு நோட்டு, முதல் தகவல் அறிக்கை நகல் மூன்றும் வேண்டும். இன்சூரன்ஸ் பணம் வந்தால் அதைக் கழித்துவிட்டு மீதியைத்தான் நஷ்டமாகக் காட்டலாம். லாபத்தை உத்தேசமாகக் காட்டுபவர்கள் இதைத் தனியாகக் கழிக்க முடியாது.

2025 ஜூலையில், பொய்யான கழிவுகளை எழுதிக் கொடுத்தவர்களைத் தேடி 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை போட்டது. பொய்க் கணக்கு என்று முடிவானால், குறைத்துக் காட்டிய வரியோடு அதைப்போல இரண்டு மடங்கு அபராதமும் கட்டணும். எழுதிக் கொடுத்தவர் கமிஷனோடு போய்விடுவார். நோட்டீஸ் நம்ம பிள்ளை பேருக்குத்தான் வரும்.

அதனால் படிவத்தை அனுப்பும் முன்னே ஒவ்வொரு வரியையும் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. "இதுக்கு ரசீது எங்கே?" என்று கேளுங்க. குழுவில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கேட்கிற கேள்விதானே அது!