இரையும் பெட்டியும் இழக்கக் கூடாத கையும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, கிளைச் செயலவைத் தோழர்களே, பால்வெட்டும் தாய்மார்களே, கிராணி நண்பர்களே, இளைஞர்களே! 

சம்பளம், விடுமுறை, மருத்துவ வசதி என்று பேசிப் பழகிய இம்மேடையில் இன்று நாம் தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா?" என்று யாரும் எண்ண வேண்டாம். உழைப்பவனின் கூலியைக் காப்பது சங்கத்தின் கடமை என்றால், அந்தக் கூலியை ஈட்டும் கையைக் காப்பதும் சங்கத்தின் கடமையேயாகும்.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. 1978இல் வண்ணப் படம் வந்தது. 2019 அக்டோபர் 31ஆம் நாளோடு பழைய முறை ஒளிபரப்பு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. ஆனால் முதுகு புடைத்த பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகள் எல்லாம் அன்றோடு செத்துவிடவில்லை. டிகோடர் பெட்டி ஒன்றை இணைத்துக் கொண்டால் அவை இன்னும் படம் காட்டும். உழைத்துச் சேர்த்த காசில் வாங்கிய பொருளை எறிய யாருக்குத்தான் மனம் வரும்? அதை நாம் குறை சொல்லவில்லை.

வயதான பெட்டி ஒரு நாள் இரையத் தொடங்குகிறது. வீட்டுக்காரர் முதலில் அதன் பக்கவாட்டில் ஓர் அறை கொடுக்கிறார். அடங்கவில்லை என்றால் திருப்புளியை எடுத்துப் பின்மூடியைக் கழற்றப் போகிறார். வீட்டிலுள்ளவர்கள் தடுத்தால், "பிளக்கைத்தான் பிடுங்கிவிட்டேனே, இனி என்ன பயம்?" என்கிறார்.

தோழர்களே! ஆளைக் கொல்லக்கூடிய சொல் இதுதான். இன்று நாம் சொல்ல வந்ததும் இதைப் பற்றித்தான்.

மரத்தை வெட்டிப் பாலெடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுகிறோம். அதற்குப் பிறகும் கோப்பையில் பால் சொட்டுகிறது அல்லவா? மறுநாள் கட்டிப்பாலாக அதை எடுக்கிறோம். அதுபோலவே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்தப் பழைய பெட்டிக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். உள்ளே அது நேர்மின்சாரமாக மாறி, மின்தேக்கி என்ற சிறு உருளையில் 300 வோல்ட்டுக்கு மேல் சேர்ந்து நிற்கும். அதைவிடக் கொடியது படக்குழாய். வண்ணப் பெட்டியின் படக்குழாய்க்குப் போகும் மின்னழுத்தம் ஏறத்தாழ 20,000 முதல் 30,000 வோல்ட் வரை. அந்தக் கண்ணாடிக் குழாயே ஒரு மின்தேக்கியைப் போல அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில பெட்டிகளில் அது விரைவில் வடியும். சிலவற்றில் நாள்கணக்கில்கூட நிற்கும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது.

வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழும் சுவிட்ச் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அந்தச் சுவிட்ச் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைத்தான் வெட்டும். பெட்டிக்குள் ஏற்கெனவே தேங்கி நிற்பதை அது அறியாது. அந்த அடியிலிருந்து அது நம்மைக் காப்பாற்றாது.

இன்னொன்றும் உண்டு. படக்குழாய் காற்று அகற்றப்பட்ட கண்ணாடி. மின்சாரம் தாக்கியதும் கை தன்னையறியாமல் உதறும். அந்த உதறலில் திருப்புளி குழாயின் மெல்லிய கழுத்தில் பட்டால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கிச் சில்லுகள் நாற்புறமும் தெறிக்கும். கண் போனால் கத்தி பிடிப்பது எப்படி? கணக்கெழுதுவது எப்படி?

அப்படியானால் இரையும் பெட்டியை என்ன செய்வது? மூடியைத் தொடாமல், காதாலும் மூக்காலும் அறியக்கூடியவை பல உண்டு. அவற்றைச் சொல்கிறோம், கேளுங்கள்.

முதலில் ஒலியை முழுவதும் குறையுங்கள். இரைச்சல் அடங்கினால் கோளாறு பெரும்பாலும் டிகோடரிலோ, இணைப்புக் கம்பியிலோ, ஒலிபெருக்கியிலோ இருக்கும். எல்லாவற்றையும் நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் தளர்ந்திருக்கும் இணைப்பை அழுத்திச் செருகிப் பாருங்கள். வேறு கம்பி இருந்தால் மாற்றிப் பாருங்கள். இவ்வளவு நம்மால் ஆகும்.

ஒலியை முழுவதும் குறைத்த பின்னும் இரைச்சல் கேட்டால் கோளாறு உள்ளே இருக்கிறது. "உம்ம்" என்ற தாழ்ந்த முணுமுணுப்பு என்றால் மின்வழங்கும் பகுதியில் மின்தேக்கி காய்ந்து போயிருக்கலாம். "கீ" என்ற மெல்லிய ஊசி ஒலி என்றால் உயர் மின்னழுத்தச் சுருளின் ஓசையாக இருக்கலாம். நம் நாட்டு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள். பெருக்கினால் 15,625. வினாடிக்கு அத்தனை முறை அச்சுருள் அதிர்கிறது. வயதான காதுக்கு அது கேட்பதில்லை, பிள்ளைகளுக்குக் கேட்கும். ஆகவே, "பெட்டி கத்துதுப்பா" என்று பிள்ளை சொன்னால், பொய் சொல்கிறான் என்று அதட்டாதீர்கள். ஓரளவு அவ்வொலி எல்லாப் பழைய பெட்டிகளிலும் உண்டு. புதிதாகக் கூடினால்தான் கவனிக்க வேண்டும்.

"பட், பட்" என்று வெடிப்பதும், "ஸ்ஸ்" என்று பொரிவதும், அதோடு கருகல் வாடையோ மூக்கைக் குத்தும் காரமான வாடையோ வருவதும் அபாயம். ஈரக் காற்றும், தூசியும், உள்ளே புகுந்த பல்லியும் கரப்பானும் சேர்ந்து உயர் மின்னழுத்தத்துக்குக் குறுக்கு வழி காட்டுகின்றன. தீயின் தொடக்கமே இது. சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி போடாதீர்கள். அறைந்தால் அடங்குகிறது என்று மகிழவும் வேண்டாம். உள்ளே ஏதோ ஓர் இணைப்பு விட்டு விட்டுப் பிடிக்கிறது என்பதுதான் அதன் பொருள். அந்த இடமே சூடேறும்.

பெட்டியை இயக்கியவுடன் ஒரே ஒரு முறை "டும்" என்று அதிர்வதும், சூடேறும்போது கூடு "டிக் டிக்" என்று நெரிவதும் பெரும்பாலும் இயல்பு. அவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து, நம் வீடுகளில் காணும் சில பழக்கங்கள். மூன்று துளைப் பலகையின் மேல்துளையில் பேனா மூடியையோ குச்சியையோ குத்தி, இரண்டு கால் பிளக்கைச் செருகுகிறோம். ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கிறோம். பெட்டிக்கு மேல் துணி விரித்து, பூச்சாடியும் விளக்கும் வைக்கிறோம். காட்டிலிருந்து வந்த ஈரக் காலோடு சுவிட்சைத் தொடுகிறோம். இவை ஒவ்வொன்றும் அபாயமே. இடி மின்னல் நெருங்குமுன் பிளக்கையும் ஏரியல் கம்பியையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு எதையும் தொடாதீர்கள்.

சுவரில் உள்ள கம்பி நைந்திருந்தாலோ, பலகை சூடேறினாலோ, அது உங்கள் பொறுப்பன்று. தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி, தான் கொடுத்த வீட்டுக்குப் போதிய மின்சாரம் வழங்குவதும் வீட்டைச் செப்பமாக வைத்திருப்பதும் முதலாளியின் கடமை. வாய்ச் சொல்லாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். நாள் குறித்து எழுதிக் கொடுத்து, ஒரு படியைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எழுத இயலாதவர்களுக்குக் கிராணித் தோழர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பெட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முடிந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிள்ளைகளோடும் முதியவர்களோடும் வெளியேறி 999ஐ அழையுங்கள். யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச், பிறகுதான் ஆள். அதற்கு வழியில்லை என்றால் காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த மரக்கட்டையால் அவரை விலக்கிவிட்டு, உடனே உதவிக்கு அழையுங்கள்.

"பழுது பார்ப்பவருக்குக் கொடுக்கக் காசு எங்கே?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இதையும் எண்ணுங்கள். கத்தி பழகாதவனை மரத்தில் விட்டால் பட்டையைத் தாண்டி மரத்தையே காயப்படுத்துகிறான். பிறகு ஆண்டுக்கணக்கில் அந்த மரம் முடிச்சு விழுந்து கிடக்கிறது. நம் தொழிலுக்குக் கைப்பழக்கம் வேண்டும், அதற்கு உரிய கூலியும் வேண்டும் என்று நாம் போராடுகிறோம். அப்படியிருக்க, இன்னொரு தொழிலாளியின் கைப்பழக்கத்தை மட்டும் இலவசம் என்று நினைக்கலாமா? உள்ளே தேங்கிய மின்சாரத்தை முறைப்படி வடிக்கக் கற்றவர் அவர். அந்தக் கூலி அவருடைய உரிமை.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறோம். இரையும் பெட்டிகள் எந்தெந்த வீட்டில் உள்ளன என்று கிளை ஒரு பட்டியல் எடுக்கட்டும். பயிற்சி பெற்ற ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கே அழைப்போம். வந்து போகும் செலவைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவருக்கும் சில வெள்ளிதான் ஆகும். தேறாது என்று அவர் சொல்லும் பெட்டியைக் காட்டோரத்தில் வீசாதீர்கள். செம்புக் கம்பிக்காகப் பிள்ளைகள் உடைக்கவும் விடாதீர்கள். அக்கண்ணாடியில் ஈயம் உண்டு. 2005ஆம் ஆண்டு விதிகள் அதை அட்டவணைக் கழிவாக வைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, மின்கழிவு எடுப்பவரிடம் கிளையே ஒப்படைக்கட்டும்.

தோழர்களே! பெட்டி போனால் இன்னொரு பெட்டி வாங்கலாம். விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடக்கும் கைக்கு மாற்று வாங்க எந்தக் கடையும் இல்லை. பிளக்கைப் பிடுங்குவது நம் வேலை. மூடியைத் திறப்பது கற்றவர் வேலை. இந்த ஒன்றை இன்றிரவே வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.