தோலை மட்டும் மாத்தினா போதுமா?

கோவளத்துல இருந்து பேசுறேன். கேரளா கோவளம் இல்ல, நம்ம ஈ.சி.ஆர். கோவளம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துல இதை எத்தனை பேருக்கு விளக்கினேன்னு கணக்கே இல்ல. பின்னாடி அலைச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு சூப்பர்ஹீரோ படங்கள். ஆனா ஆரம்பிக்கிறது ஒரு காலேஜ் நாடகத்துல.

அப்போ இன்ஜினியரிங் படிச்சிட்டு இருந்தேன். கல்ச்சுரல்ஸுக்கு ஒரு ஸ்கிட். ஸ்கிரிப்ட் எழுதினதே நான்தான். ஆனா ஹீரோ ரோல் இன்னொருத்தனுக்குப் போச்சு. "மச்சி, உன் கலருக்கு அடியாள்தான் செட் ஆகும்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது?

கொஞ்ச நாள்ல, 2018 பிப்ரவரியில, 'பிளாக் பேந்தர்' வந்துச்சு. சண்டை பார்க்கத்தான் போனேன். ஆனா மனசுல நின்னது வேற. ராஜா கறுப்பு, தளபதி ஒகோயே கறுப்பு, லேப்ல உட்கார்ந்து டெக்னாலஜி எல்லாம் உருவாக்குற தங்கச்சி ஷூரி கறுப்பு, வில்லனும் கறுப்பு. எல்லாரும் கறுப்பா இருக்கும்போது கறுப்புங்கிறது ஒரு ரோல் இல்ல. அடியாள்னு தனியா ஒரு கலர் கிடையாது. அந்த ரெண்டு மணி நேரம் எனக்கு அவ்வளவு லேசா இருந்துச்சு.

"நம்ம ஊர்ல ரஜினியே இருக்காரே, அப்புறம் என்ன குறை?"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா உச்சியில ஒருத்தர் கறுப்பா இருக்கிறது வேற, அவரைச் சுத்தி நிக்கிறவங்களும் அப்படி இருக்கிறது வேற. அவரோட ஹீரோயின்கள எத்தனை பேர் நம்ம அக்கா தங்கச்சி கலர்ல இருந்தாங்க? யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு விஷயம், கில்மாங்கர். ஓக்லாந்துல, வகாண்டாவே கைவிட்ட பையன். "நம்ம ஜனங்க உலகம் முழுக்க அடி வாங்கினப்போ இவ்வளவு வசதி வெச்சிருந்த நீங்க எங்க போனீங்க?"ங்கிறதுதான் அவன் கேள்வி. அவன் வழி தப்பு, கேள்வி சரி. அதனாலதான் கடைசியில ராஜாவே மாறி, அதே ஓக்லாந்துல உதவி மையம் திறக்கிறாரு. படத்தோட விறுவிறுப்பும் அர்த்தமும் ஒரே இடத்துல இருந்து வருது.

கேம்ல ஸ்கின் மாத்துவோம்ல? டிரெஸ் புதுசு, உள்ள அதே கேரக்டர். நிறைய சூப்பர்ஹீரோ படங்கள் அப்படித்தான். 2012-ல மிஷ்கினோட 'முகமூடி' வந்துச்சு. ஆசையான முயற்சி. குங்ஃபூ எல்லாம் நல்லா இருந்துச்சு. ஆனா அந்த முகமூடியும் அங்கியும் வேற ஊர்ல தைச்ச மாதிரியே எனக்குத் தெரிஞ்சுது.

2023-ல மடோன் அஸ்வினோட 'மாவீரன்'. அதே மிஷ்கின் இதுல வில்லன்! ஹீரோ சத்யா, பேப்பர்ல காமிக்ஸ் வரையிற பயந்தாங்கொள்ளி. குடிசையைக் காலி பண்ணிட்டு அடுக்குமாடிக்கு அனுப்புறாங்க. அங்க சுவர் உதிருது. அண்ணாந்து பார்த்தா அவனுக்கு ஒரு குரல் கேட்குது. இதுல அங்கியே தேவைப்படல. சக்தியும் பிரச்சினையும் ஒரே தெருவுல இருந்து வருது.

எங்க டீம்ல ஒரு தம்பி. வீடு எங்கன்னு கேட்டா "சோழிங்கநல்லூர்"னுதான் சொல்லுவான். 'மாவீரன்' பார்த்துட்டு வந்த திங்கட்கிழமை, டீ குடிக்கிறப்போ மெதுவா சொன்னான்: "அண்ணா, அது எங்க வீட்டுச் சுவரு. நான் பெரும்பாக்கம் போர்டு வீடு."

ரெண்டு வருஷம் பக்கத்து சீட்டு. அன்னைக்குத்தான் அவன் அட்ரஸ் எனக்குத் தெரிஞ்சுது.

படம் அவன் சுவரைச் சரி பண்ணல. அது உண்மை. ஆனா அட்ரஸை மறைக்க வேண்டாம்னு அவனுக்குத் தோணிச்சு. ஒரு சூப்பர்ஹீரோ படம் இவ்வளவு செஞ்சா எனக்குப் போதும்.

ஆனா ஒரு ஏக்கம் பாக்கி இருக்கு. அந்தக் குரல் பெரும்பாக்கத்துல ஒரு பொண்ணுக்குக் கேட்டிருந்தா? எங்க குப்பத்துல மீன் விக்கிற ஒரு அக்காவுக்குக் கேட்டிருந்தா? உங்க தெருவுல யாருக்குக் கேட்கணும்? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.