மேடையேறிய பாட்டும் ஊரில் நிற்கும் பறையும்



2018இல் விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர்' ஆறாம் பருவத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் முதலிடம் பெற்றார். அவருடைய இணையர் ராஜலட்சுமியும் அதே மேடையில் பாடினார். சினிமாப் பாட்டை அச்சுப்பிசகாமல் பாடுவதே திறமை என்றிருந்த இடத்தில், கிராமத்துக் குரலுக்கு மக்கள் வாக்களித்தார்கள். 2019இல் 'சார்லி சாப்ளின் 2' படத்தில் இருவரும் பாடிய 'சின்ன மச்சான்' பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. இந்த வெற்றியை நாம் மனதார வரவேற்கிறோம்.

ஆனால் ஒருவர் உயர்ந்தால் கலை விடுதலை பெற்றுவிடுமா? 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் நடித்துப் பாடிய கொல்லங்குடி கருப்பாயி முதுமையில் வறுமையில் வாடியது செய்தியானது. புகழ் தந்தவர்கள் பாதுகாப்பு தரவில்லை.

இன்னொன்று. தொலைக்காட்சியில் பறை அதிர்ந்தால் கைதட்டல். ஊரில் இழவு வீட்டுக்குப் பறையடிப்பது மட்டும் இன்னும் சில சாதிகளின் கடமை, மறுத்தால் மிரட்டல். இசையை ரசிக்கும் சமூகம், இசைப்பவரைச் சேரிக்கு வெளியே சமமாக உட்கார வைக்க மறுக்கிறது.

ஆகவே நாம் மூன்றைக் கேட்கிறோம். பாட்டைச் சேகரிப்போர் பாடியவரின் பெயரையும் ஊரையும் பதிய வேண்டும். வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு வேண்டும். பறை, விரும்புகிறவரின் கலையாக இருக்கட்டும். எவர்மீதும் சுமத்தப்பட்ட ஊழியமாக இருக்கக் கூடாது.

வெற்றிக்கோப்பை ஒருவருக்குப் போகட்டும். மரியாதை எல்லோருக்கும் வர வேண்டும்.