பாய்மரத்தின் அடியைப் பாருங்கள்



பழைய சிறு படகு ஒன்றின் பாய்மரத்தையும், அதைத் தாங்கி நிற்கும் கம்பிகளையும் கயிறுகளையும் எப்படிப் பழுது பார்ப்பது என்று இன்றைய பேச்சில் சொல்லப் போகிறேன். "தோட்டத்துக்காரர்களான எங்களுக்குப் படகு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நானும் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எனக்குப் பால்வாளியைத் தெரியும், கடலைத் தெரியாது. பள்ளி விடுமுறையில் எல்லாரும் லாரியில் ஏறிப் போர்ட் டிக்சனுக்குப் போவோம். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுவிட்டுத் திரும்புவோம். எங்கள் கடல் அனுபவம் அவ்வளவுதான். அப்படி இருந்தும் ஒரு படகு எங்கள் குடும்பத்தையே கண்கலங்க வைத்தது. அதைச் சொன்னால், இந்தப் பேச்சு எதற்காக என்று உங்களுக்கே விளங்கும்.

1979ஆம் ஆண்டு. எனக்கு அப்போது 19 வயது. தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த என் அப்பாவிடம் நானும் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கம் குடியிருந்த என் நண்பனுக்குப் பழைய பாய்மரப் படகு ஒன்று கிடைத்தது. ஒட்டுப்பலகையில் செய்த சிறிய படகு. நீளம் 4 மீட்டர்தான் இருக்கும். பல காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. நாங்கள் இருவரும் ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து அதைத் தேய்த்தோம், சாயம் பூசினோம். பாய்மரத்துக்கு வெள்ளைச் சாயம் மூன்று பூச்சு. பார்த்தவர்கள் எல்லாரும், "புதுப் படகா?" என்று கேட்டார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் நாள் கடலில் இறக்கியபோது, 12 வயதான என் தம்பியும் வருவேன் என்று அடம்பிடித்தான். "பிள்ளையைப் பத்திரமாப் பார்த்துக்கடா" என்று சொல்லி அம்மா அனுப்பி வைத்தார். கரையிலிருந்து கூப்பிடு தூரம்கூடப் போகவில்லை. காற்று ஒரு முறை பலமாக அடித்தது. காற்று வந்த பக்கத்துக் கம்பி 'டங்' என்று அறுந்தது. அடுத்த நொடியே பாய்மரம் அடியில் முறிந்து, பாயோடு சேர்ந்து தம்பியின் மேல் விழுந்தது. அவனுடைய வலது கை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்துபோனது. உயிர் பிழைத்தான், அது கடவுள் செயல். ஆனால் அந்தக் கை அதன் பிறகு முழுதாக நீளவே இல்லை.

மறு வாரம் அப்பா வந்து படகைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து உளியை எடுத்து, பாய்மரம் முறிந்த இடத்தில் வைத்து விரலால் அழுத்தினார். வாழைத்தண்டில் இறங்குவதுபோல் உளி உள்ளே இறங்கியது. வெளியே பளபளப்பான வெள்ளைச் சாயம். உள்ளே கறுத்து மக்கிய மரம். "இதுக்கா ஒரு மாசம் சாயம் பூசினே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தப் படகை எரித்துவிடலாம் என்றான் நண்பன். அப்பா விடவில்லை. "கெடுத்தவன்தான் சரிசெய்யணும்" என்றார். பக்கத்துக் கிராமத்தில் மலாய்த் தச்சர் ஒருவர் இருந்தார். திரங்கானுவில், படகு கட்டுவதற்குப் பெயர்பெற்ற புலாவ் டூயோங்கில் தொழில் கற்றவர். அங்குள்ள கைதேர்ந்த தச்சர்கள் காகிதத்தில் வரைபடம் இல்லாமலே, கண்ணளவில் செங்கால் மரத்தில் பெரிய படகுகளைக் கட்டியவர்கள். அவரை நாங்கள் பாக்சிக் என்று அழைத்தோம். அவரிடம் கற்றதையும், பிறகு பல ஆண்டு தொழிலில் நானே கண்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், பாய்மரம் எப்படி நிற்கிறது? மாரியம்மன் திருவிழாவுக்குப் பந்தல் போடும்போது உயரமான கொடிக்கம்பம் நடுவோம் அல்லவா? கம்பம் தன் பலத்தால் மட்டும் நிற்பதில்லை. நாலு பக்கமும் கயிறு கட்டி முளையடித்து இழுத்துப் பிடிக்கிறோம். பாய்மரமும் அப்படித்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பி, முன்பக்கம் ஒரு கம்பி. இவற்றில் ஒன்று அறுந்தாலும் மரம் சாயும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. திருவிழாக் கம்பத்துக்கு முளையை எட்டித் தள்ளி அடிக்கலாம். படகோ ஒடுக்கமானது. கம்பி 5 மீட்டர் உயரத்தில் கட்டியிருக்கிறது என்று வையுங்கள். அதன் கீழ்முனை பாய்மரத்தின் அடியிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளித்தான் இருக்கும். மேலே காற்று 20 கிலோ அளவுக்கு மரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால், கம்பியில் விழும் இழுவை ஏறத்தாழ 135 கிலோ. கிட்டத்தட்ட அதே பாரம் பாய்மரத்தின் அடியையும் கீழே அமுக்கும். மெல்லிய காற்றுத்தானே என்று நாம் நினைக்கிறோம். கம்பியும் மரத்தின் அடியும் ஏழு மடங்கு பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே, பழைய படகு வாங்கினால் சாயத் தகரத்தைத் திறக்காதீர்கள். முதலில் பாய்மரத்தைக் கழற்றித் தரையில் கிடத்துங்கள். கழற்றும்போதும் நிறுத்தும்போதும் தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பி போகும் இடத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. இப்போது பல படகுகளில் அலுமினியப் பாய்மரம்தான். அது மின்கம்பியில் பட்டால் பிடித்திருப்பவர் உயிர் போய்விடும். நனைந்த மரத்தையும் நம்பக் கூடாது.

அடுத்தது சோதனை. மரத்தைக் கெடுப்பது கடல்நீர் என்று நான் எண்ணியிருந்தேன். பாக்சிக் சிரித்தார். "உப்புத் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் எதிரி" என்றார். உண்மைதான். மரத்தை மக்கச் செய்வது ஒரு வகைப் பூஞ்சணம். அதற்கு நல்ல தண்ணீர் பிடிக்கும்; உப்பு அவ்வளவாகப் பிடிக்காது. மரத்திலுள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் வளராது. மழைநீர் புகுந்து, வெளியே போக வழியில்லாமல் தேங்கும் இடத்தில்தான் மரம் மக்கும்.

அப்படிப்பட்ட இடங்கள் மூன்று. பாய்மரத்தின் அடி, அதாவது அது குழியில் உட்காரும் பாகம், முதலாவது. ஆணியும் திருகாணியும் இறங்கிய துளைகள் இரண்டாவது. மேல் நுனியும், கம்பி மாட்டும் இரும்புப் பட்டையின் அடிப்பக்கமும் மூன்றாவது. இந்த இடங்களில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல மரம் 'கணீர்' என்று ஒலிக்கும். கெட்ட மரம் 'பொத்' என்று கேட்கும். சந்தேகம் வந்தால் கூர்மையான கத்தி முனையால் குத்திப் பாருங்கள். சாயத்தைச் சுரண்டிவிட்டுக் குத்த வேண்டும். அழகு கெடுமே என்று தயங்க வேண்டாம்.

மக்கிய பாகத்தை மெழுகு வைத்து அடைப்பதால் பயன் இல்லை. அதை வெட்டி எடுத்துவிட்டு நல்ல மரத்தை ஒட்டுப்போட வேண்டும். ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக்கட்டுவதைப் பார்த்தவர்கள் நீங்கள். கத்தி சுத்தமாக இருக்க வேண்டும், வெட்டு ஒரே சீராக இருக்க வேண்டும், பட்டையோடு பட்டை பொருந்த வேண்டும். மர ஒட்டுக்கும் இந்த விதிகளே. இரண்டு துண்டுகளையும் நேராக வெட்டி முட்ட வைத்தால் நிற்காது. இரண்டையும் நீளச் சாய்வாகச் சீவி, சாய்வின்மேல் சாய்வு படியும்படி ஒட்ட வேண்டும். பாய்மரத்துக்குச் சாய்வின் நீளம் மரத்தின் கனத்தைப்போல் 12 மடங்கு இருப்பது நல்லது. மரம் 6 சென்டிமீட்டர் கனமானால் சாய்வு 72 சென்டிமீட்டர். இவ்வளவு நீளமா என்று நானும் சலித்துக்கொண்டேன். ஒட்டும் பரப்பு அகலமாக இருந்தால்தான் பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரவும்.

புது மரம் இலேசாகவும் நேரான வரி உடையதாகவும் இருக்க வேண்டும், முடிச்சு கூடாது. செங்கால் உறுதியான மரம்தான். ஆனால் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் நிறுக்கும். அந்தப் பாரம் படகின் உச்சியில் இருந்தால் படகு எளிதில் கவிழும். பாக்சிக் எடுத்தது பிந்தாங்கோர் மரம். இந்த நாட்டில் பாய்மரத்துக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டது. அது வேறு எதுவும் இல்லை நேயர்களே; நம் தமிழில் புன்னை என்கிறோமே, அந்த இனத்து மரம்தான்.

ஒட்டுவதற்கு இப்போது எபோக்சி என்னும் இருகலவைப் பசை கிடைக்கிறது. டின்னில் சொன்ன அளவிலேயே இரண்டையும் கலக்க வேண்டும். கூடவோ குறையவோ கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலுக்கு ஆகாது. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கிளாம்பு போட்டு அளவாக இறுக்குங்கள். மிகவும் இறுக்கினால் பசை முழுவதும் வெளியே வழிந்து, ஒட்டு வலுவிழக்கும். ஒரு நாளாவது அசைக்காமல் விடுங்கள். பிறகு இழைப்புளியால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் பூசுங்கள். எபோக்சி வெயிலில் கெடும். வார்னிஷ்தான் அதற்குக் குடை. திருகாணித் துளைகளுக்குள்ளும், அடிப்பாகத்தின் வெட்டு முகத்திலும் மறக்காமல் பூச வேண்டும். பாய்மரம் உட்காரும் குழியில் தண்ணீர் வடிய ஒரு துளையும் வேண்டும்.

இனி, கம்பி. எங்கள் படகில் முதலில் அறுந்தது அதுதானே! துருப்பிடிக்காத எஃகுக் கம்பி என்று நம்பி இருந்துவிடக் கூடாது. பல மெல்லிய இழைகள் சேர்ந்ததுதான் ஒரு கம்பி. அது நடுவில் அறுவது அரிது. முனையில், குழல் போன்ற பூட்டுக்குள் நுழையும் இடத்தில்தான் உப்புநீர் தங்கி அரிக்கும். வெறுங்கையால் தடவாதீர்கள், அறுந்த இழை ஊசிபோல் கிழித்துவிடும். பஞ்சை வைத்துக் கம்பி நெடுகிலும் தடவுங்கள். பஞ்சு சிக்கிய இடத்தில் இழை அறுந்திருக்கிறது. ஓர் இழை அறுந்திருந்தாலும் முழுக் கம்பியையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் போனால் மறு பக்கமும் அதே வயதுதான். இரண்டையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். பூட்டில் மயிரிழை போன்ற விரிசலோ, பழுப்புக் கறையோ கண்டாலும் அப்படியே செய்யுங்கள்.

பாயை ஏற்றி இறக்கும் கயிறு கப்பியின் மேல் ஓடுகிறது. கிணற்றுக் கயிறு எங்கே தேயும் என்று நம் தாய்மார்களுக்குத் தெரியும். எப்போதும் கப்பியில் அழுந்தும் அதே இடத்தில்தான். ஆகவே, ஆண்டுக்கு ஒரு முறை கயிற்றைத் தலைகீழாக மாற்றிக் கட்டுங்கள். தேயும் இடம் மாறும், ஆயுள் கூடும். நைலான் கயிறு இழுத்தால் நீளும். நங்கூரத்துக்கு அது நல்லது. பாயை ஏற்றுவதற்கு அவ்வளவாக நீளாத பாலியெஸ்டர் கயிறே ஏற்றது.

எல்லாம் முடிந்து பாய்மரத்தை நிறுத்தியதும் கீழிருந்து மேலே ஒரு கண்ணால் பாருங்கள். மரம் நேராக நிற்க வேண்டும். கம்பியை வீணைத் தந்திபோல் முறுக்கினால் அந்தப் பாரம் முழுவதும் அடிமரத்தில் விழும். கம்பிகளைப் பூட்டும் சிறு ஊசிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். அறுபதாயிரம் வெள்ளிப் படகானாலும் ஐம்பது காசு ஊசி கழன்றால் பாய்மரம் விழும். முதல் ஓட்டம் மெல்லிய காற்றில், கரையோரமாக இருக்கட்டும். எல்லாரும் மிதவைச் சட்டை அணிந்திருக்க வேண்டும். முதல் நாள் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

நாங்கள் அந்தப் படகைச் சரிசெய்ய நான்கு மாதம் ஆனது. சாயம் பூசியது கடைசி இரண்டு நாள் மட்டும். முடிந்ததும் தம்பி வந்து பார்த்தான். இடது கையால் பாய்மரத்தின் அடியைத் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். பிறகுதான், "அண்ணே, ஏறலாம்" என்றான். நான் ஏற்றவில்லை. மூன்று முறை தனியாக ஓட்டிப் பார்த்த பிறகே அவனைக் கூட்டிச் சென்றேன்.

நேயர்களே, உங்களில் பலருக்குப் படகு இருக்காது. ஆனால் வீட்டில் ஏணி இருக்கிறது. அதன் கால் ஈர மண்ணில் நிற்கிறது. துணி உலர்த்தும் கம்பி இருக்கிறது. அதன் முடிச்சு துருவேறி இருக்கிறது. பிள்ளைகள் ஆடும் ஊஞ்சல் மரக்கிளையில் தொங்குகிறது. கயிறு கிளையில் உராய்ந்துகொண்டே இருக்கிறது. இந்த வாரம் ஒரு கத்தியையும் கொஞ்சம் பஞ்சையும் எடுத்துக்கொண்டு இவற்றை ஒரு சுற்றுப் பார்த்து வாருங்கள். அடியையும் முனையையும் பாருங்கள். பிள்ளைகளையும் கூடவே வைத்துக்கொண்டு, எங்கே தட்ட வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்க அப்பா இருந்தார். நான்தான் கேட்காமல் சாயத் தகரத்தைத் திறந்தேன்.